ஒரு முழ ஆழத்தில் ஒரு பழைய கிணறு

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அஞ்சாம் வகுப்பு முடிந்ததும், பெண்பிள்ளைக்கு இது போதும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த லாபம், மற்றவர்களுக்கு நாளைக்குத் தெரியப்போகிற கெட்ட சேதி எனக்கு இன்றைக்கே தெரிந்துவிடும் என்பதுதான். கவலைப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வானம் கறுத்தால் காயப்போட்ட சோளம் நனைந்துவிடுமே என்று கவலை. கறுக்காவிட்டால் விதைத்தது முளைக்காதே என்று கவலை.

நான் பிறந்தது திருவானைக்காவலுக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில். அங்கே தண்ணீர் என்பது கொல்லைப்புறத்தில் தானாக ஓடுகிற ஒன்று. கட்டிக்கொடுத்தது கொள்ளிடத்துக்கு வடக்கே, மேட்டுக்காட்டில். தெருவில் கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்குப் பின்னாலேயே மாமனாரின் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளமும் கம்பும். பெய்யாத வருஷம் புல்கூட இல்லை.

பஞ்சாயத்து யூனியன்கள் வந்த புதிது அது. அதற்கு முந்தைய வருஷம் மழை எங்களைக் கைவிட்டிருந்தது. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் காட்டூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் இருந்தார். சித்திரையில் ஊருக்கு வந்தவர் போகும்போது சொன்னார்:

"மில்லுல ஒரு ஆளு எடம் காலியாகுது. ஆவணி வரைக்கும் நான் சொல்லி வெக்கிறேன். வந்து கூட்டிட்டுப் போறேன், யோசிச்சு வைடா."

என் வீட்டுக்காரர், "பாப்போம்ணே" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வந்தால் பாதி கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

காட்டூர் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டித் தஞ்சாவூர் ரோட்டில் கொஞ்சம் போனால் வந்துவிடும். ஆனாலும் இப்படி வேலைக்குப் போனவர்கள் முதலில் வாரம் ஒரு தடவை வருவார்கள், பிறகு மாசம் ஒரு தடவை, பிறகு பொங்கலுக்கு. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருந்தது. இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக அந்த வாசலைக் கடக்கும்போது நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். நிலத்தில் தண்ணீர் இருந்தால் இவர் போகமாட்டார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கிணறு வந்தால் மனுஷர் வீட்டில் இருப்பார். வராவிட்டால் காட்டூர்தான்.

கையிலிருந்ததை வைத்து மண்ணை வெட்டிவிடலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் மண்ணுக்குக் கீழே பாறை. பாறைக்கு வெடி வைக்க வேண்டும், மேல்பகுதி சரியாமல் கல் கட்ட வேண்டும். அதற்கு வழியில்லாமல் இருந்த நேரத்தில்தான் யூனியன் ஆபீஸ் ஆளான கிராம சேவக் சைக்கிளில் வந்து, புதுக் கிணறு வெட்டுகிறவர்களுக்கு அரசாங்க மானியம் உண்டு என்றார்.

"கடன் இல்லைங்க. மானியம். திருப்பிக் கட்ட வேண்டியதே இல்லை."

மாமனார் நம்பவில்லை. "திருப்பிக் கேக்காமக் குடுக்கறதுக்கு சர்க்கார் என்ன எனக்குப் பொண்ணு குடுத்த வீடா? பொண்ணு குடுத்த வீடே ஒரு பித்தளைக் குடத்தோட நிறுத்திக்கிச்சு."

நான் உள்ளே இருப்பது தெரிந்தேதான் சொன்னார்.

தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மானியம் வாங்கினால் பின்னால் நிலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள் என்றார் ஒருவர். எடுத்துக்கொண்டால் அதில் மழையையும் அவர்களே பெய்ய வைக்கட்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் மாமனார் பட்டாவை எடுத்துக் கொடுத்தார். மனுவை நான்தான் எழுதினேன். கிராம சேவக் கொடுத்த அச்சுத்தாளிலிருந்த நிபந்தனைகளையும் நான்தான் உரக்கப் படித்தேன். அனுமதி வருவதற்கு முன்னால் வேலை தொடங்கக் கூடாது, தொடங்கினால் மானியம் கிடையாது என்று அதில் இருந்தது. அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

வைகாசி வந்தது. அனுமதி வரவில்லை. வாஸ்து நாள் வந்துவிட்டது.

வீடு கட்டுவதோ கிணறு வெட்டுவதோ, மண்ணில் முதலில் கை வைக்க எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தில் வாஸ்து நாள் பார்ப்பார்கள். வருஷத்துக்குச் சில நாட்கள்தான் அது வரும். அந்த நாளிலும் கொஞ்ச நேரம்தான் நல்லது. இதை விட்டால் அடுத்தது ஆடியில். ஆடியில் நாங்கள் எதையும் புதிதாகத் தொடங்கமாட்டோம். அதையும் விட்டால் ஆவணி. ஆவணியில் தொடங்கினால் அடைமழைக்குள் பாறை வரைக்கும் போக முடியாது, பாதிக் குழியில் தண்ணீர் நின்று கரை சரிந்துவிடும்.

"மாமா, அனுமதி வர்றதுக்கு முன்னாடி தொடங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"நான் எங்கம்மா தொடங்கறேன்? பூஜை போடறேன். சாமி கும்பிடறது வேலையா? அப்படின்னா கும்பிடறவனுக்கெல்லாம் கூலி குடுக்கணுமே."

மஞ்சள் தெளித்து, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார். மூன்று வெட்டு வெட்டினால் போதும் என்றுதான் மண்வெட்டியை எடுத்தார். உழைத்துப் பழகிய கை. நல்ல நேரம் முடிய இன்னும் இருந்தது. சுற்றி வட்டமாக ஒரு முழ ஆழத்துக்கு வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். பூஜை போட்டு வெட்டிய குழியை மூடவும் கூடாது. மூடினால் குடும்பத்துக்கு ஆகாது.

சில நாள் கழித்து, மறுநாள் இடம் பார்க்க யூனியன் ஆபீஸிலிருந்து அதிகாரி வருகிறார் என்று சொல்லியனுப்பினார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சாவதானமாக இருந்தார்.

"மூடத்தானே கூடாது? மறைக்கலாம்ல?"

காலையில் பஞ்சாரத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழியின் மேல் கவிழ்த்துவிட்டார். கோழிகளை அடைக்கிற பெரிய மூங்கில் கூடை அது. சந்தேகம் வராமல் இருக்கட்டும் என்று உள்ளே தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் விட்டார்.

அதிகாரி இளவயசுக்காரர், ஒல்லியான உடம்பு. நெற்றியில் மெல்லிய திருமண். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஆபீஸுக்கு வந்து போகிறவர் என்று கிராம சேவக் முன்பே சொல்லியிருந்தார். குடையை மடக்கிக்கொண்டு வெறுங்காட்டைச் சுற்றிப் பார்த்தார். அதன் நடுவில் பஞ்சாரம் மட்டும் தனியாக இருந்தது.

"இது எதுக்கு இங்க?"

"கோழி மேயுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூடி வெச்சா எப்படி மேயும்?"

"இப்பதாங்க மேஞ்சு முடிச்சுது."

அதற்குள் மாமனார் முன்னால் வந்தார். மறைக்க வேண்டியது என்று ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. எங்களிடம் எதற்குக் கோழி என்று கேட்கவும் இல்லை. "எடம் பாக்கத்தானே வந்திருக்கீங்க? இதாங்க எடம்" என்று பஞ்சாரத்தை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார். தாய்க்கோழி இறக்கையெல்லாம் குங்குமமாக வெளியே பாய்ந்தது.

"எல்லாம் முறையாப் பண்ணியாச்சு. நீங்க உத்தரவு குடுக்கறதுதான் பாக்கி."

அதிகாரி குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அனுமதி வரதுக்கு முன்னாடி வெட்ட ஆரம்பிச்சுட்டீங்களே."

"வெட்டலீங்க. பூஜை."

"பூஜைக்கு இவ்வளவு ஆழமா?"

"நல்ல நேரம் மிச்சம் இருந்துச்சுங்க."

கூட வந்திருந்த கிராம சேவக் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அதிகாரி சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஆழத்தை அளந்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன்.

"பெரியவரே, நான் கண்ணால பாத்துட்டேன். பாக்கலைன்னு எழுத முடியாது."

அப்புறம் வந்த பதில், வேறு இடம் காட்டினால் பார்க்கலாம், இந்த இடத்துக்குப் புதுக் கிணறு மானியம் இல்லை என்பது. வேறு இடத்துக்கு எங்கே போவது? நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மூன்று ஏக்கரும் நடந்து, இந்த ஒரு இடத்தில்தான் நின்றார். மாமனாருக்கு அது சாமி வாக்கு.

ஆனி நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மாட்டைக் கட்டும்போதும் சாப்பிடும்போதும் காட்டூரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே மாசச் சம்பளமாம், மில்லுக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாமாம். நான் ஒருநாள், "ஸ்ரீரங்கத்துக்குப் போய் அந்த அதிகாரியையே கேட்டுடலாம்" என்றேன்.

"ஆபீஸுல கேட்டதுக்கே இதுதான் பதில். வீட்டுக்குப் போனா நாயை அவுத்து விடுவார்."

"அவங்க வீட்ல நாய் இருக்காது. வாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாதே என்று, ஊர்க் கிணற்றடியில் நான் போட்டிருந்த கொத்தவரங்காயைப் பறித்து ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். பஸ் ஏறின பிறகுதான், இதை லஞ்சம் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. கொள்ளிடம் பாலம் முழுக்க, பையை ஜன்னல் வழியாக ஆற்றில் போட்டுவிடலாமா என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வடக்குச் சித்திரை வீதியில் சின்ன வீடு. கதவைத் திறந்தது அவருடைய அம்மா. "வாங்கோ, உள்ள வந்து உக்காருங்கோ. வெயில்ல வந்திருக்கேள்" என்று முதலில் ஆளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார். அதிகாரி ஈர வேஷ்டியோடு கூடத்துக்கு வந்தார். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அது என்ன?"

"கொத்தவரங்காய்" என்றார் என் வீட்டுக்காரர்.

அம்மா பைக்குள் கையை விட்டு ஒன்றை ஒடித்துப் பார்த்தார். "எவ்வளவு பிஞ்சு! மார்க்கெட்ல நாரும் சக்கையுமா விக்கறான்."

"காசு குடுத்துட்டு எடுத்துக்கோம்மா" என்றார் மகன்.

அம்மா காசை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். எனக்குப் பாதிப் பயம் அப்போதே போயிற்று.

விஷயத்தை என் வீட்டுக்காரர் தொடங்கி, நான் முடித்தேன். அந்த அம்மாவுக்குக் கேட்கக் கேட்கத் தாங்கவில்லை. "வாஸ்து பாக்காம யாராவது கிணறு வெட்டுவாளோ? ஏண்டா, இந்த ஆத்துல ஒரு ஆணி அடிக்கறதுக்கே நீ பஞ்சாங்கத்தைப் புரட்டறே."

"எனக்குத் தெரியாதாம்மா? ரூல்ல நாள் நட்சத்திரம் கிடையாதே. நான் என்ன பண்ணட்டும்?"

"பெருமாள் குடுத்த புத்தி இருக்கோன்னோ. யோசி."

அவர் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எங்களிடம் திரும்பினார்.

"இன்னொரு மானியம் இருக்கு. பழைய கிணத்தை ஆழப்படுத்தறதுக்கு. புதுக் கிணத்துக்குக் குடுக்கறதுல பாதிதான் வரும். அதுக்கு ஏற்கெனவே ஒரு கிணறு இருக்கணும். குறைஞ்சது இவ்வளவு ஆழம் இருக்கணும்னு எங்கேயும் சொல்லலை. நான் பொய் எழுத மாட்டேன். இருக்கறதை இருக்கறபடி எழுதறேன். பழைய கிணறு, ஆழம் ஒரு முழம். மேல இருக்கறவா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். உங்களுக்குச் சம்மதமா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர், "அப்பாவைக் கேக்கணுங்க" என்றார்.

அப்பாவைக் கேட்டோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வயித்துல இருக்கற புள்ளைக்குக் கிழவன்னு பேர் வெக்கச் சொல்றாங்களா? நாள் பாத்து, நேரம் பாத்துத் தொட்ட கெணறு. பழசாம். அதுல பாதிதான் குடுப்பாங்களாம். ஒண்ணும் வேணாம்."

என் வீட்டுக்காரர், "அப்ப சரி" என்று விட்டுவிட்டார். அவர் மனசு காட்டூருக்குப் போய்விட்டது என்று எனக்குப் பட்டது. அதுவரை மாமனாரின் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. அன்று எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"மாமா, கெணத்துக்கு என்ன பேரு வேணா வெச்சுக்கட்டும். கெணறு இல்லைன்னா ஆவணியில இவர் காட்டூர் போயிடுவார். நீங்களும் நானும் ரெண்டு புள்ளைங்களும் அந்த ஒரு முழக் குழியைச் சுத்தி உக்காந்திருக்க வேண்டியதுதான்."

மாமனார் மகனைப் பார்த்தார். "போறேன்னு சொன்னியாடா?"

"பாப்போம்னு சொன்னேன்."

அவரும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்தான். வெளியே போய்க் குழியோரம் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்ததும் என்னிடம்தான் கேட்டார்:

"ஏம்மா, பழைய கெணறுன்னு எழுதினா தண்ணியும் பழசாவா வரும்?"

"வராது மாமா."

"அப்ப எழுதச் சொல்லு."

அனுமதி இந்த முறை சீக்கிரமே வந்தது, ஆனால் ஆடி முதல் வாரத்தில் வந்தது. மாமனாரைக் கூட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் யூனியன் ஆபீஸுக்குப் போனோம். முதல் தவணை கொடுத்தார்கள். மாமனார் கைநாட்டு வைத்துவிட்டுக் கட்டைவிரலைத் துடைக்காமலே கேட்டார்:

"திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

"பாதியில விடாம வெட்டி முடிச்சா கேக்க மாட்டோம்" என்றார் அதிகாரி.

பணம் வந்துவிட்டது, ஆனால் ஆடி. ஆவணி வரை மாமனார் மண்ணைத் தொடமாட்டார், ஆவணியில் காட்டூர்க்காரர் வந்துவிடுவார், அப்புறம் மழை வந்துவிடும் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் மாட்டுத் தொழுவத்தில் கடப்பாறை இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால் மாமனார் குழிக்குள் நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்:

"என்னய்யா, ஆடியில மண்ணைத் தோண்டறே?"

"புதுசா தொடங்கறதுக்குத்தானே ஆடி ஆகாது? இது பழைய கெணறுய்யா. தூர் எடுக்கறதுக்கு ஆடி என்ன, மார்கழி என்ன? சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு, உனக்கென்ன வந்துச்சு?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. முழு மனசோடு அதை நம்பினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, இன்றைக்கும் படுகிறது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார். அந்த ஆடி முழுக்க எங்கள் காட்டில் மண் மேலே வந்துகொண்டிருந்தது. நான் கூடையை வாங்கி வாங்கிக் கொட்டினேன்.

ஆவணி பிறந்ததும் காட்டூர்க்காரர் சொன்னபடி வந்தார். அப்போது கிணறு பாறையைத் தொட்டிருந்தது. பாறை இடுக்கில் ஈரம் தெரிந்தது, தண்ணீர் வரவில்லை. தண்ணீர் கார்த்திகையில்தான் வந்தது, அது அப்போது யாருக்குத் தெரியும்? அன்று என் வீட்டுக்காரர் போகிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நான் வந்தவருக்குக் கம்மஞ்சோறு போட்டுவிட்டு, கதவோரம் நின்றேன். என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் கல்தூளோடு கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார்.

"என்னடா, துணிமணி எடுத்து வெச்சியா?"

"எங்கண்ணே வர்றது? மானியம் வாங்கியாச்சு. பாதியில விட்டா அப்பாகிட்டத் திருப்பிக் கேப்பாங்க."

"மில்லு எடம் இன்னைக்கு விட்டா போச்சுடா."

"போகட்டும்ணே. தண்ணி வரலைன்னா உன்கிட்டத்தான் வந்து நிப்பேன்."

"அப்ப நான் வாட்ச்மேனை விட்டுத் துரத்தச் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, அவர் இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார்.

பாதி மானியம்தான். மேலே கல் கட்டியது போக வெடிக்கு மிஞ்சியது கொஞ்சமே. ஆனால் அன்று என் வீட்டுக்காரர் நின்று பதில் சொல்ல அது போதுமானதாக இருந்தது. அவருக்கும் போக மனசில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காட்டூர்க்காரர் பஸ்ஸுக்குப் போனதும் இவர் மறுபடி கிணற்றை நோக்கி நடந்தார். "வெடி வெக்கப்போறோம், புள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போ" என்றார். திரியைப் பற்றவைத்துவிட்டுக் கயிறு ஏறி மேலே வர வேண்டும். கயிறு வழுக்கினால்? ஈரக் கையால் பிடித்தால்? நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கையால் பெரியவன் காதையும் ஒரு கையால் சின்னவள் காதையும் என் மேல் சேர்த்துப் பொத்திக்கொண்டேன். என் காதைப் பொத்த ஆளில்லை.

சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு கூடை கொண்டா" என்று அவர் குரல் கேட்டது. அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தேன்.